மதிப்பெண் போடும் கையும் எடை பார்க்கும் கண்ணும்

முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும் ஒருவரிடம் தொலைபேசியில் பேசினால் ஒரு முடிவும், நேரில் வரவழைத்துப் பேசினால் வேறொரு முடிவும் வருமா? அமெரிக்காவின் பவுலிங் கிரீன் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, வரக்கூடும் என்று காட்டியது. உளவியல் மேற்படிப்புக்கு விண்ணப்பித்த 97 பேரை அவர்கள் கவனித்தார்கள். நேர்காணலுக்குப் போய் வந்தவர்களில் உடல் எடை கூடியவர்களுக்கு இடம் கிடைப்பது குறைவாக இருந்தது. பெண்களிடம் அந்த வித்தியாசம் இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. தொலைபேசியில் மட்டும் பேசியவர்களிடம் அது கிட்டத்தட்ட இல்லை. எடை கூடியவர்களின் பரிந்துரைக் கடிதங்களும் தரத்தில் குறைந்தவை அல்ல.

97 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனால் இதே திசையைக் காட்டும் ஆய்வுகள் அதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டன. 1966-இல் ஹெலன் கேனிங், ஜீன் மேயர் என்ற இருவர் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள்: படிப்பிலும் விண்ணப்பிக்கும் ஆர்வத்திலும் வேறுபாடு இல்லாதபோதும், பருமனான பள்ளி மாணவர்களுக்குப் பெயர்பெற்ற கல்லூரிகளில் இடம் கிடைப்பது குறைவாக இருந்தது. அங்கேயும் அதிகம் அடிபட்டவர்கள் பெண்கள்தான். 1990-களில் கிறிஸ்டியன் கிராண்டல் என்ற உளவியலாளர் இன்னொன்றைக் கண்டார். பருமனான மகள்களின் கல்லூரிச் செலவுக்குப் பெற்றோர் கொடுக்கும் பணமே குறைவாக இருந்தது. அதாவது கல்லூரி வாசலை எட்டுவதற்கு முன்பே, வீட்டுக்குள்ளேயே ஒரு கதவு பாதி மூடிவிடுகிறது.

இந்த மூன்றும் ஒரே நிகழ்வின் மூன்று முகங்கள். அதைத்தான் எடை சார்ந்த இழிவு என்கிறார்கள். சுருக்கமாக எடை இழிவு என்றே இனிச் சொல்கிறேன்.

உருவக்கேலி மட்டும்தானா?

உருவக்கேலி என்றால் நமக்கு உடனே புரியும்: ஒருவரின் உடம்பை வைத்துக் கிண்டல் செய்வது. எடை இழிவு அதைவிடப் பெரியது. யாரும் கிண்டல் செய்யாத, எல்லோரும் மரியாதையாகப் பேசுகிற ஓர் இடத்திலும் அது முழு வேகத்தில் இயங்க முடியும்.

அதன் வேர் ஓர் அனுமானம். குண்டாக இருப்பவர் சோம்பேறி, கட்டுப்பாடு இல்லாதவர், தன்னைக் கவனித்துக்கொள்ளத் தெரியாதவர், ஆகவே வேலையையும் ஒழுங்காகச் செய்யமாட்டார் என்ற சங்கிலி. உடம்பில் தொடங்கி குணத்துக்குத் தாவி, அங்கிருந்து திறமைக்குத் தாவிவிடுகிறது. இந்த அனுமானம் மனதில் இருந்தால் அது முன்முடிவு. அதன்படி இடமோ மதிப்பெண்ணோ வேலையோ மறுக்கப்பட்டால் அது பாகுபாடு. பாதிக்கப்பட்டவரே "ஆமாம், நான் அப்படித்தான் போல" என்று நம்பத் தொடங்கிவிட்டால், இழிவு உள்ளே குடியேறிவிட்டது என்று பொருள். மூன்றிலும் கடைசியாகச் சொன்னதுதான் வகுப்பறையில் கண்ணுக்குத் தெரியாமல் அதிகம் கெடுக்கிறது. அந்த மாணவர் கை தூக்கமாட்டார். கரும்பலகைப் பக்கம் வரமாட்டார். குழுவாகச் செய்யும் வேலையில் பேசும் பொறுப்பை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்துவிடுவார். ஆசிரியர் கண்ணுக்கு அவர் "ஆர்வம் இல்லாத பிள்ளை" ஆகிவிடுகிறார்.

உடல் எடை முழுக்க முழுக்க மனக்கட்டுப்பாட்டின் விளைவு என்ற நம்பிக்கைதான் இந்த அனுமானத்துக்குத் தீனி. அறிவியல் வேறு கதை சொல்கிறது. இரட்டையரை வைத்துச் செய்த ஆய்வுகள், மனிதர்களுக்கு இடையிலான எடை வேறுபாட்டில் பெரும்பங்கு மரபணு சார்ந்தது என்று திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பசியைக் கட்டுப்படுத்த உதவும் லெப்டின் என்ற ஹார்மோன் 1994-இல் கண்டறியப்பட்ட பிறகு, பசியும் நிறைவும் உடம்பு நடத்தும் ஒரு கணக்கு என்பது இன்னும் தெளிவானது. எடை குறைந்தால் உடம்பு தான் செலவழிக்கும் சக்தியையும் குறைத்துக்கொள்கிறது, பசியைக் கூட்டுகிறது. இதோடு தூக்கம், மன அழுத்தம், சாப்பிடும் மருந்துகள், வருமானம், வேலை நேரம் எல்லாம் சேர்கின்றன. உணவும் உடற்பயிற்சியும் பொருட்டே இல்லை என்று சொல்லவில்லை. ஒருவருடைய உடம்பைப் பார்த்து அவருடைய உழைப்பைக் கணக்கிட முடியாது, அவ்வளவுதான்.

சரி, காலம் மாறுகிறதே, இந்த முன்முடிவும் தானாகக் குறைந்துவிடாதா? ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டெசா சார்ல்ஸ்வொர்த், மஜரின் பனாஜி இருவரும் யோசிக்க நேரம் தராமல் சட்டென்று பதில் சொல்லவைத்து மனச்சாய்வை அளக்கும் இணையச் சோதனைகளில் 2007 முதல் 2016 வரை கலந்துகொண்ட லட்சக்கணக்கானோரின் தரவுகளை அலசினார்கள். பாலியல் ஈர்ப்பு, இனம், தோல் நிறம் ஆகியவற்றில் மக்களின் மறைமுக முன்முடிவுகள் குறைந்துகொண்டு வந்தன. உடல் எடை விஷயத்தில் மட்டும் அந்த ஆண்டுகளில் அவை கூடியிருந்தன. வெளிப்படையாகக் கேட்டால் மக்கள் நல்ல பதில் சொல்கிறார்கள். யோசிக்காமல் கை போகிற போக்கு வேறாக இருக்கிறது.

ஏன் இது ஆசிரியரின் வேலை?

எடை இழிவைப் பற்றிப் பேசும்போது பலர் இதை நல்ல பழக்கவழக்கம் சார்ந்த விஷயமாக எடுத்துக்கொள்கிறார்கள். மனம் நோகும்படி பேசாதே, அன்பாக இரு என்பதோடு முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. பல்கலைக்கழக ஆசிரியரின் தொழிலே மதிப்பிடுவது. விடைத்தாள், ஆய்வேடு, வாய்மொழித் தேர்வு, சேர்க்கை நேர்காணல், பரிந்துரைக் கடிதம், உதவித்தொகைக் குழு என்று வாழ்நாள் முழுக்க அவர் யாரையாவது எடைபோட்டுக்கொண்டே இருக்கிறார். அந்தத் தராசில் உடம்பும் ஏறிக்கொண்டால் அது தொழில் பிழை.

அது ஏறுகிறது என்பதற்குச் சான்று உண்டு. கரோலின் மெக்கேன், ரிச்சர்டு ராபர்ட்ஸ் இருவரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில் எட்டாம் வகுப்பு மாணவர்களும் இரண்டு ஆண்டுப் படிப்பு நடத்தும் கல்லூரிகளின் மாணவர்களும் இருந்தார்கள். எல்லோருக்கும் பொதுவாக வைத்த தேர்வில் பருமனான மாணவர்கள் மற்றவர்களுக்குச் சமமாகவே எழுதினார்கள். ஆனால் ஆசிரியர்கள் கொடுத்த தரநிலையில் பின்தங்கினார்கள். இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம் என்று வாதிடலாம். வருகைக் குறைவு இருக்கலாம், வகுப்பில் ஒதுங்கியிருப்பது இருக்கலாம். அப்படியே வைத்துக்கொண்டாலும், ஒதுங்கியிருப்பது எதனால் என்ற கேள்வி மறுபடியும் வகுப்பறைக்கே வந்து நிற்கிறது.

அதே 2013-இல் அமெரிக்க உளவியல் பேராசிரியர் ஒருவர் ட்விட்டரில், உணவைக் கட்டுப்படுத்தும் மன உறுதி இல்லாத பருமனான விண்ணப்பதாரர்களுக்கு ஆய்வேட்டை முடிக்கும் உறுதியும் இருக்காது என்ற கருத்தில் எழுதினார். பெரும் எதிர்ப்பு கிளம்பியது. அவருடைய பல்கலைக்கழகம் விசாரித்து அவருக்குக் கண்டனம் தெரிவித்தது. இப்படி வெளியே எழுதிவிட்டால் கேட்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். அதே எண்ணத்தோடு ஒருவர் சேர்க்கைக் குழுவில் உட்கார்ந்து, "ஏதோ சுறுசுறுப்பு குறைவாகத் தெரிகிறது" என்று மட்டும் குறிப்பெழுதினால் யாருக்கும் தெரியவராது. கவலைப்பட வேண்டியது அந்தக் குறிப்பைப் பற்றித்தான்.

நல்ல நோக்கமும் தவறாகும் இடம்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லிங்கன் பல்கலைக்கழகம் இருக்கிறது. கறுப்பின மாணவர்களுக்காகத் தோன்றிய பழைய நிறுவனம். 2006-இல் சேர்ந்த மாணவர்களிலிருந்து அங்கே ஒரு விதி வந்தது. உடல் நிறைக் குறியெண், அதாவது பி.எம்.ஐ., 30 அல்லது அதற்கு மேல் இருப்பவர்கள் உடற்தகுதி வகுப்பு ஒன்றை முடித்தால்தான் பட்டம் பெற முடியும். நீரிழிவும் இதய நோயும் தம் சமூகத்தில் அதிகம் என்ற உண்மையான அக்கறையிலிருந்து பிறந்த விதி அது. ஆனால் அந்தத் தொகுதி மாணவர்கள் 2009-இல் இறுதியாண்டுக்கு வந்தபோது பெரும் சர்ச்சை ஆனது. உடற்பயிற்சி எல்லோருக்கும் நல்லது என்றால் எல்லோருக்கும் வைக்க வேண்டியதுதானே? சிலரை மட்டும் எடை பார்த்துப் பிரித்து, பட்டத்தைப் பணயம் வைத்தது ஏன்? அந்த ஆண்டு டிசம்பரில் ஆசிரியர்களே வாக்களித்து அந்தக் கட்டாயத்தை நீக்கினார்கள். ஆசிரியர் குழு நினைத்தால் ஒரு விதியை மாற்ற முடியும் என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் எனக்குத் தெரியாது.

"ஆரோக்கியத்தைப் பற்றிப் பேசவே கூடாதா?" என்ற கேள்வி இங்கேதான் வரும். நியாயமான கேள்வி. ஆனால் இழிவுபடுத்துவது ஆரோக்கியத்தைத் தருவதில்லை. அமெரிக்காவில் 6,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களை நான்கு ஆண்டு இடைவெளியில் இருமுறை பரிசோதித்த ஓர் ஆய்வு 2013-இல் வெளிவந்தது. தொடக்கத்தில் பருமன் இல்லாதவர்களில், எடை காரணமாகப் பாகுபாட்டுக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் பிறகு பருமன் நிலையை எட்டும் வாய்ப்பு மற்றவர்களுக்கு இருந்ததைப்போல சுமார் இரண்டரை மடங்கு. அவமானம் மன அழுத்தத்தைக் கூட்டுகிறது, அழுத்தம் உடம்பையும் உணவுப் பழக்கத்தையும் பாதிக்கிறது. உடற்பயிற்சிக் கூடத்துக்கும் மருத்துவரிடமும் போகவே கூச்சம் வந்துவிடுகிறது.

பருமனை ஒரு நோயாகக் கருதலாமா கூடாதா என்பதில் அறிஞர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு உண்டு. பருமன் ஆய்வுகள் என்ற பெயரில் வளர்ந்திருக்கும் சமூகவியல் சார்ந்த துறை, உடம்பு அளவை நோயாகப் பார்ப்பதையே எதிர்க்கிறது. மருத்துவத் தரப்போ அதை நீண்டகால நோய் என்கிறது. ஆனால் அந்த மருத்துவத் தரப்பின் பன்னாட்டு நிபுணர்கள் 36 பேர் சேர்ந்து 2020-இல் வெளியிட்ட கூட்டறிக்கையும் எடை இழிவை முடிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்றுதான் கோரியது. வகுப்பில் நிற்கும் ஆசிரியர் அந்தப் பெரிய சண்டைக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர் அவரிடம் சிகிச்சைக்கு வந்தவரும் அல்ல.

எதை மாற்றலாம்?

முதலில் ஒரு கசப்பான உண்மை. பருமனுக்கான காரணங்களைக் கற்பித்தால் மாணவர்களின் முன்முடிவு சற்றுக் குறைகிறது, ஆனால் கொஞ்சம்தான். ஒரு கருத்தரங்கு நடத்தி எல்லோர் மனதையும் திருப்பிவிடலாம் என்று நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும். ஆகவே மனம் மாறும்வரை காத்திருக்காமல் நடைமுறையை மாற்றுவதுதான் என் பார்வையில் சரியான வழி.

நாற்காலியிலிருந்தே தொடங்கலாம். பல விரிவுரை அரங்குகளில் தரையோடு பிணைத்த இருக்கைகள், அல்லது கைப்பிடியோடு எழுதுபலகை ஒட்டிய நாற்காலிகள். பெரிய உடம்புக்கு அந்தப் பலகை இறங்காது. இறங்கினாலும் வயிற்றை அழுத்தும். மூன்று மணி நேரத் தேர்வை அந்த நாற்காலியில் எழுதுகிறவரும், வசதியாக உட்கார்ந்து எழுதுகிறவரும் ஒரே தேர்வைத்தான் எழுதினார்கள் என்று சொல்ல முடியுமா? அந்த மாணவர் எல்லோருக்கும் முன்பே வந்து ஓர இடத்தைப் பிடிக்கப் பார்ப்பார். முடியாத நாளில் வகுப்புக்கே வராமல் போகலாம். கைப்பிடி இல்லாத சில நாற்காலிகளையும் தனி மேசைகளையும் எல்லா வகுப்பறையிலும் வைத்துவிட்டு, "யாருக்கு எது வசதியோ அதில் உட்காருங்கள்" என்று முதல் நாள் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னால் போதும். "இது உனக்காகப் போட்டது" என்று ஒருவரைப் பார்த்துச் சொல்லிவிட்டால் செய்த நன்மை அத்தனையும் வீண். ஆய்வக அங்கி, களப்பயணத்தில் பாதுகாப்புப் பட்டை, பட்டமளிப்பு அங்கி எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். எல்லா அளவுகளும் முன்கூட்டியே இருக்க வேண்டும். கேட்டு வாங்கும் நிலைக்கு யாரையும் தள்ளக் கூடாது.

அப்புறம் மதிப்பீடு. எழுத்துத் தேர்வுகளிலும் கட்டுரைகளிலும் பெயரை மறைத்துத் திருத்துவது பல பல்கலைக்கழகங்களில் ஏற்கெனவே உள்ள வழக்கம். உடம்பு தெரியாத இடத்தில் உடம்பு மதிப்பெண்ணைத் தொட முடியாது. சிக்கல் வாய்மொழித் தேர்விலும் நேர்காணலிலும்தான். அங்கே எதற்கு எத்தனை மதிப்பெண் என்று முன்பே எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்க வேண்டும். குழுவினர் ஒருவரோடொருவர் பேசுவதற்கு முன்பே தனித்தனியாக மதிப்பெண் போட்டுவிட வேண்டும். "ஆளுமை", "தோற்றப் பொலிவு", "துடிப்பு" போன்ற தலைப்புகளை மதிப்பீட்டுத் தாளிலிருந்து எடுத்துவிடலாம். அவற்றின் கீழ்தான் முன்முடிவு வசதியாக ஒளிந்துகொள்கிறது.

பாடத்துக்குள் வருவோம். உடலியங்கியல் ஆய்வகத்தில் மாணவர்களை வரிசையில் நிறுத்தி எடை பார்த்து, எல்லோர் முன்பும் பி.எம்.ஐ. கணக்குப் போடும் பயிற்சி இன்றும் இருக்கிறது. கற்றுக்கொள்ள வேண்டியது கணக்கிடும் முறை. அதற்கு மாணவரின் சொந்த எடை தேவையில்லை, தயாரான தரவுகளே போதும். புள்ளியியல் வகுப்பில் அதே பி.எம்.ஐ.யை இன்னும் சுவையாகச் சொல்லித்தரலாம். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் அந்தக் கணக்கு 19-ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தின் வானியலாளரும் புள்ளியியலாளருமான அடால்ஃப் கெட்லேயிடமிருந்து வந்தது. அவர் தேடியது மக்கள்தொகையின் சராசரி மனிதனை. தனி ஒருவரின் நலத்தை அளக்க அவர் அதை உருவாக்கவில்லை. அதற்கு பி.எம்.ஐ. என்ற இன்றைய பெயரை 1972-இல் வைத்தவர் ஆன்சல் கீஸ். 1998-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம், கூடுதல் எடைக்கான வரம்பை ஏறத்தாழ 27-லிருந்து 25-க்கு இறக்கியது. ஒரு கிராம்கூடக் கூடாமலேயே இரண்டு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் ஒரே நாளில் கூடுதல் எடைக்காரர்கள் ஆனார்கள். எல்லைக்கோடு எங்கே போடுகிறோம், யார் போடுகிறார்கள், அதனால் என்ன ஆகிறது என்று கற்பிக்க இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. மருத்துவம், செவிலியம், உணவியல் மாணவர்களுக்கு இது இன்னும் அவசியம். அவர்கள் நாளை நோயாளிகளைப் பார்க்கப் போகிறவர்கள்.

வகுப்பில் யாராவது எடையை வைத்து ஜோக் அடித்தால் சிரிக்காமல் இருப்பது மட்டும் போதாது. ஆசிரியரின் மௌனம் சம்மதமாகத்தான் போய்ச் சேரும். நீண்ட உபதேசமும் வேண்டாம். "இந்த வகுப்பில் யாருடைய உடம்பைப் பற்றியும் பேச மாட்டோம்" என்று சாதாரணக் குரலில் சொல்லிவிட்டுப் பாடத்துக்குத் திரும்பலாம். சொல்லும்போது பருமனான மாணவர் பக்கம் கண் போகக் கூடாது. போய்விட்டால், காப்பாற்ற நினைத்தவரே அவரை எல்லோர் பார்வைக்கும் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார். ஆசிரியர் அறையில் "இளைச்சுட்டீங்களே, இப்பத்தான் நல்லா இருக்கீங்க" என்று பாராட்டுவதையும் விட்டுவிடலாம். அவர் இளைத்தது நோயினாலா, துக்கத்தினாலா, உணவுக் கோளாறினாலா என்பது நமக்குத் தெரியாது. பக்கத்தில் இளைக்காத ஒருவர் அதைக் கேட்டுக்கொண்டும் இருப்பார்.

சட்டத்தின் பாதுகாப்பு மிகக் குறைவு. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலம் 1976-லேயே எடை அடிப்படையிலான பாகுபாட்டைத் தடை செய்தது. நியூயார்க் நகரம் 2023-இல் அப்படிச் செய்தது. உலகின் பெரும்பாலான இடங்களில் அப்படி எதுவும் இல்லை. ஆகவே பல்கலைக்கழகத்தின் பாகுபாட்டுக்கு எதிரான விதிகளில் எடையும் பெயர் சொல்லி இடம்பெற வேண்டும் என்று ஆசிரியர்கள் கேட்பதில் பொருள் இருக்கிறது. விதியில் பெயர் இல்லாதவரை, புகார் கொடுக்கப் போகும் மாணவருக்கு எந்தப் பத்தியைக் காட்டுவதென்றே தெரியாது.

இதையெல்லாம் யார் பேசுவது என்பதும் முக்கியம். பருமனான ஆசிரியர்களும் இதே இழிவைச் சுமக்கிறார்கள். மாணவர்கள் எழுதும் மதிப்பீட்டுப் படிவத்தில் பாடத்தைப் பற்றி எழுத வேண்டிய இடத்தில் அவர்களுடைய உடம்பைப் பற்றி எழுதியிருக்கும். உணவியலோ உடற்கல்வியோ நடத்துபவர் என்றால் "இவரே இப்படி இருக்கிறாரே" என்ற பார்வை முதல் நாளே வந்துவிடும். அவர் எடை இழிவைப் பற்றி வாய் திறந்தால் சொந்தக் கதை என்று ஒதுக்கிவிடுவார்கள். அதே விஷயத்தை ஒல்லியான ஒருவர் சொன்னால் கூட்டத்தில் கேட்கிறார்கள். அநியாயம்தான். ஆனால் அந்த வசதி கையில் இருப்பவர் அதைப் பயன்படுத்தலாம். அடுத்த துறைக் கூட்டத்தில் நாற்காலிகளையும் நேர்காணல் மதிப்பீட்டுத் தாளையும் பற்றிய தீர்மானத்தை அவரே எழுந்து முன்மொழியலாம்.